பெயர் ஒன்று, அரசர் பலர்: பிற்காலப் பைசாந்திய நாணயங்களை இனங்காணும் முறை

எமது கல்லூரி வரலாற்றறையின் கண்ணாடிப் பெட்டியில் மூன்று ஆண்டுகளாக ஒரு சிறு செப்புக் காசு இருந்து வந்தது. அதன் அருகே யானே என் கையால் எழுதி வைத்த அட்டை ஒன்றும் இருந்தது. “பைசாந்தியப் பேரரசன் முதலாம் மனுவேல், கி.பி. 1143–1180, விளிம்பு நறுக்கப்பட்ட காசு” என்பது அதன் வாசகம். அவ்வாசகம் பிழையானது. அப்பிழை வெளிப்பட்ட வரலாற்றையும், பிற்காலப் பைசாந்தியக் காசு ஒன்றைக் கையிலெடுத்து ‘இஃது இன்ன அரசனுடையது, இன்ன நகரில் அடிக்கப்பட்டது’ என்று துணியும் முறையையும் இவ்விழா மலர் வாயிலாகப் பழைய மாணாக்கர்க்கும் இந்நாள் மாணாக்கர்க்கும் எடுத்துரைத்தல் என் கடமையாயிற்று.

தமிழாசிரியனுக்கு நாணய ஆராய்ச்சியில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். ஔவையார் என்னும் ஒரு பெயரின் கீழ் வழங்கும் பாடல்கள் அனைத்தையும் ஒருவரே பாடினாரா, பலர் பாடினரா என்று ஆராய்ந்து பழகியவனுக்கு இவ்வேலை முற்றிலும் அயலானதன்று. அங்கே சொல்லும் நடையும் சான்று. இங்கே எடையும் மாற்றும் சான்று. அவ்வளவே வேறுபாடு.

பைசாந்தியப் பொற்காசின் புகழ் நம் தீவிலும் ஒருகாலத்திற் பேசப்பட்டதே. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கொஸ்மாஸ் என்பவர் எழுதிவைத்த கதையொன்று உண்டு. சோப்பத்திரஸ் என்னும் வணிகர் இலங்கை மன்னன் முன்னிலையில் தம் நாட்டுப் பொற்காசையும், உடன்வந்த பாரசீகரின் வெள்ளிக்காசையும் அருகருகே வைத்து, எவ்வரசன் பெரியன் என்பதை இவற்றைக் கண்டே அறிக என்றாராம். அக்காலத்துப் பொற்காசு ஏறத்தாழத் தூய பொன், தட்டையானது. பதினோராம் நூற்றாண்டில் அப்பொன் படிப்படியாகக் கலப்படமாகி, ஈற்றிற் பெயரளவிலேயே பொன்னாக நின்றது. 1092ஆம் ஆண்டளவில் முதலாம் அலெக்சியஸ் கொம்னெனஸ் என்னும் பேரரசன் நாணய முறையையே புதுக்கினான். யாம் ஈண்டு ஆராயும் பிற்கால நாணயங்கள் அப்புதுக்கத்துடன் தொடங்கி, 1453இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் வீழ்ந்தமையோடு முடிவன.

அலெக்சியஸ் வகுத்த காசுகள் பல வகையின. இருபதரைக் கரட் பொன்னாலான ஹைப்பர்பைரன் அவற்றுள் தலையாயது. அதன்கீழ்ப் பொன்னும் வெள்ளியும் கலந்த காசு. அதன்கீழ் வெள்ளி சிறிதே சேர்ந்த செப்புக் காசு. இறுதியில் தட்டையான சிறு செப்புக் காசு. முதல் மூன்றும் கிண்ணம் போலக் குழிந்தவை. இடை நின்ற இரண்டுக்கும் கிரேக்கர் வழங்கிய ‘திராக்கி’ என்னும் பெயர் கரடு முரடானது, சமனற்றது என்று பொருள்படும். காசைக் குழித்தமைக்குக் காரணம் பலவாறு கூறப்படும். அவற்றை விடுத்து, அக்குழிவினால் எமக்கு விளையும் இடர்ப்பாட்டை மட்டும் நோக்குவோம். குழிந்த தகட்டின் முழுப்பரப்பிலும் ஓரடியில் அச்சுப் பதியாது. ஆகவே ஒரு பாதியில் ஓரடியும் மறுபாதியில் மற்றோரடியுமாக அடித்தனர். அதன் பயனாக உருவத்தின் நடுப்பகுதி மங்கியோ இரட்டித்தோ காணப்படும்; எழுத்துக்களிற் பல பதியாமலே போகும். பைசாந்தியக் கிண்ணக் காசிலே அரசன் பெயரை முதலெழுத்திலிருந்து ஈற்றெழுத்து வரை வாசிக்கப் பெற்றவன் பாக்கியசாலி!

பெயரை முழுதும் வாசித்துவிட்டாலும் சிக்கல் தீர்ந்ததாகாது. முதலாம், இரண்டாம், மூன்றாம் என்னும் வரிசையெண்கள் பிற்கால வரலாற்றாசிரியர் இட்டவை. காசுகளில் அவை இல்லை. ‘யோவான்’ என்று காசு கூறுமாயின், அவன் 1118 முதல் 1143 வரை ஆண்ட இரண்டாம் யோவானா? நைசியாவிலிருந்து 1254 வரை ஆண்ட மூன்றாம் யோவான் வத்தாட்சசா? தெசலோனிக்காவில் 1237 முதல் 1244 வரை ஆண்ட யோவானா? அதன்பின் வந்த ஐந்தாம், ஏழாம், எட்டாம் யோவான்களுள் ஒருவனா? ‘மனுவேல்’ என்று கூறுமாயின், 1180இல் இறந்த முதலாம் மனுவேலா, 1230க்கும் 1237க்கும் இடையே தெசலோனிக்காவில் ஆண்ட மனுவேலா, 1391 முதல் 1425 வரை ஆண்ட இரண்டாம் மனுவேலா? பராக்கிரமபாகு என்று மட்டும் பொறித்த ஈழத்துச் செப்புக் காசுகளை எடுத்து வைத்துக்கொண்டு எந்தப் பராக்கிரமபாகு என்று மயங்குவோர் இவ்விடர்ப்பாட்டை நன்குணர்வர்.

இனி எம் காசுக்கு வருவோம். வெளிநாட்டில் வாழும் பழைய மாணாக்கர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்தபோது மூன்று காசுகளைக் கல்லூரிக்கு நல்கினார். அவற்றுள் ஒன்று மிகச் சிறியது: குறுக்களவு 19 மில்லிமீற்றர், எடை ஒன்றரைக் கிராம். குவிந்த புறத்தில் அரியணையில் அமர்ந்த கன்னிமரியாள். குழிந்த புறத்தில் நின்ற கோலத்தில் அரசன், வலக்கையிற் கொடித்தண்டு, இடக்கையிற் சிலுவை பொருந்திய உருண்டை. அரசனின் இடப்பக்கத்தே மனுவேல் என்னும் பெயரின் முதல் மூன்றெழுத்துக்கள் தெளிவாகத் தெரிந்தன. காசோடு வந்த காகிதத்துண்டிலும் ‘மனுவேல், 12ஆம் நூற்றாண்டு’ என்று எழுதியிருந்தது. யான் நூலைப் புரட்டினேன். முதலாம் மனுவேலின் செப்புக் காசுகளில் இதே உருவமுடையது ஒன்று உண்டு. ஆனால் அது பெரிது. ஏறத்தாழ 28 மில்லிமீற்றர், நான்கு கிராமளவு. அத்தகைய பெருங்காசுகளின் விளிம்பை வட்டமாக நறுக்கிச் சிறியனவாக்கி வழங்கியதுண்டு என்பதும் அந்நூலிற் கண்டேன். எல்லாம் பொருந்திவிட்டதாகவே எண்ணி அட்டை எழுதினேன்.

சென்ற ஆண்டு பத்தாந்தர மாணாக்கருக்கு அக்காசைக் காட்டி, நறுக்கிய கதையைச் சற்று நயமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். பூதக்கண்ணாடியும் கையுமாக இருந்த மாணவனொருவன் நிமிர்ந்தான். “சேர், விளிம்பை வெட்டின காசெண்டால் இந்தப் புள்ளி வட்டம் எப்பிடி முழுசா இருக்கும்?” என்று கேட்டான்.

யான் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். உருவத்தைச் சூழ்ந்து புள்ளிகளாலான வட்டக்கரை ஒன்று உண்டு. அது காசின் விளிம்புக்கு உள்ளேயே, முக்காற்பங்கு வட்டமாகத் தெளிவாக இருந்தது. பெருங்காசை நறுக்கியிருந்தால் முதலில் போயிருப்பது அக்கரையே. அடுத்து எழுத்துக்கள் போயிருக்கும். அரசனின் தலையோ காலோ வெட்டுண்டு, உருவம் காசுக்குப் பெரிதாகத் தோன்றும். இங்கோ அரசன் முடி முதல் அடி வரை அச்சிறு வட்டத்துள் அடங்கியே நின்றான். ஆகவே இக்காசு சிறிதாக்கப்பட்டதன்று. தொடக்கத்திலேயே சிறிய அச்சினால் அடிக்கப்பட்டது. முதலாம் மனுவேல் இவ்வளவு சிறிய கிண்ணக் காசு அடித்தானல்லன். அன்றைய பாடம் அவ்வளவில் நின்றது. “நாளைக்குச் சொல்லுகிறேன்” என்று கூறி வெளியே வந்தேன். அந்த ‘நாளை’ வருவதற்கு ஒன்பது நாட்கள் சென்றன.

1204ஆம் ஆண்டில் நான்காம் சிலுவைப்போர் வீரர் தாம் மீட்கச் சென்ற எருசலேமை விடுத்துக் கொன்ஸ்தாந்திநோப்பிளையே கைப்பற்றிச் சூறையாடினர். வெண்கலச் சிலைகளை உருக்கிக் காசாக்கினர் என்று அக்கொடுமையைக் கண்ணாற் கண்ட நிக்கேத்தாஸ் கோனியாத்தேஸ் எழுதியுள்ளார். 1261 வரை அந்நகரில் இலத்தீன் பேரரசர் ஆண்டனர். ஆயினும் அவர்தம் பெயர் பொறித்த காசு ஒன்றேனும் அந்நகரிலிருந்து எமக்குக் கிடைத்திலது. ஐம்பத்தேழு ஆண்டுகள் காசின்றி ஒரு பெருநகர் வாழ்ந்திருக்க இயலாதன்றோ? அவர்கள் மக்கள் நம்பிய பழைய அரசரின் பெயரையும் உருவத்தையும் பார்த்தெடுத்து அடித்தனர் என்பதே விடை. இதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. 1219இல் நைசியாவின் அரசன் தியோடோர் லஸ்காரிசும் வெனிஸ் நகரத்தாரும் செய்த உடன்படிக்கையில், ஒருவர் காசின் வடிவத்தை மற்றவர் பின்பற்றி அடித்தலாகாது என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. அவ்விதி பெயர் சுட்டும் காசு வகைகளுள் ஒன்று ‘மனுவேலாத்தி’, அதாவது மனுவேற் காசு! மனுவேல் இறந்து முப்பத்தொன்பது ஆண்டுகளின் பின்னரும் அவன் பெயர் காசின் பெயராகவே வழங்கிற்று. செய்யாத குற்றத்துக்கு எவரும் தடை விதியார்.

ஆங்கில ஆய்வாளர் மைக்கேல் ஹென்டி 1969இல் வெளியிட்ட நூலில், அதுவரை மனுவேல் முதலிய அரசர் பெயரில் அடுக்கப்பட்டிருந்த காசுகளுள் ஒரு பெருந்தொகுதியைப் பிரித்தெடுத்தார். ஒரு பகுதியைப் பல்கேரியர் பார்த்தடித்தவை என்றும், மற்றொரு பகுதியை இலத்தீன் ஆட்சியில் அடித்தவை என்றும் வகுத்து, பிற்கூறியவற்றைப் பெரிய அளவு, சிறிய அளவு என இரண்டாக்கினார். எம் காசு அச்சிறிய அளவினது. ஹென்டியின் பகுப்பை எல்லாரும் அப்படியே ஏற்றாரல்லர். அச்சிறு காசுகள் யாவும் ஒரே நகரில் அடிக்கப்பட்டனவா என்னும் வினா இன்னும் முடிந்தபாடில்லை. ஆயினும் அவை 1204க்குப் பிற்பட்டவை என்பதிற் பெரும்பாலார் உடன்படுவர்.

காசின் மீதே மற்றொரு காசு அடிக்கப்பட்டிருப்பதும் உண்டு. புதிய தகடு செய்யும் செலவை மிச்சப்படுத்தப் பழைய காசையே அச்சின்கீழ் வைத்தனர். கன்னிமரியாளின் முழங்காலருகே வேறொரு தாடியின் சுவடும், தலைகீழாய் நிற்கும் ஓரெழுத்தும் தெரிந்தால் அதனைக் குறையெனத் தள்ளற்க. மேலே இருப்பது பிந்தியது, கீழே இருப்பது முந்தியது என்னும் முறையை அதனினும் உறுதியாகச் சொல்லும் சான்று வேறில்லை.

பொற்காசுகளிற் சான்று வேறு வகையினது. இரண்டாம் யோவானின் ஹைப்பர்பைரனில் ஒருபுறம் அரியணையில் கிறிஸ்து. மறுபுறம் கன்னிமரியாள் அரசனுக்கு முடிசூட்டுகின்றாள். நூறாண்டு கழித்து மூன்றாம் யோவான் வத்தாட்சஸ் ஆசியாக் கண்டத்து மக்னீசியா நகரில் அடித்த பொற்காசும் அவ்வுருவங்களையே கொண்டது. பெயரும் யோவானே. பழைய பட்டியல்களில் இரண்டும் நெடுங்காலம் ஒரே அரசன் பெயரிலேயே கிடந்தன. சிலவற்றில் ‘டூக்காஸ்’ என்னும் குடிப்பெயர் வாசிக்கக் கிடைத்தமையும், உருவத்தின் அருகே புள்ளியும் எழுத்துமாகச் சிறு குறிகள் இருந்தமையும், அவை எட்டாம் மிக்கேலின் காசுகளோடு கலந்து புதையல்களிற் கிடைத்தமையும் ஐயத்தை எழுப்பின. ஐயத்தைத் தீர்க்க வல்லது மாற்று.

நம்மூர்த் தட்டார் உரைகல்லில் உரைத்து மாற்றுக் காண்பர். நூதனசாலைக் காசை உரைக்க எவரும் இசையார். ஆதலின் பௌதிக வகுப்பிற் கற்ற ஆர்க்கிமிடீசின் விதியே கைகொடுக்கும். காசை வளியில் நிறுத்து, பின்னர் நூலிற் கட்டி நீருள் அமிழ்த்தி நிறுத்து, குறைந்த எடையால் முதலெடையை வகுத்தால் தன்னீர்ப்பு வரும். பொன்னின் தன்னீர்ப்பு 19.3, வெள்ளியினது 10.5. எஞ்சிய பங்கு வெள்ளியே எனக் கொண்டு கணக்கிட்டால், இருபதரைக் கரட் காசுக்குத் தன்னீர்ப்பு ஏறத்தாழ 17.2, பதினாறு கரட்டுக்கு 15.1, பதினொரு கரட்டுக்கு 13.3. 4.35 கிராம் எடையுள்ள காசு நீரில் இழப்பது முதலதில் 0.25 கிராம், இரண்டாவதில் 0.29 கிராம். நூற்றில் நான்கு பங்கு கிராம்தான் வேறுபாடு. நல்ல தராசு வேண்டும். வெள்ளியோடு செம்பும் கலந்திருந்தால் கணக்குச் சற்றுப் பிசகும். ஆகையால் இக்காலத்தவர் காசைச் சிதையாமலே எக்ஸ் கதிர் கொண்டு அதன் உலோகங்களை அளக்கின்றனர். உயர் வகுப்பு மாணாக்கர் இவ்விரண்டாம் பந்தியைத் தாமே கணக்கிட்டுச் சரிபார்ப்பாராக.

அம்மாற்றுத் தேய்ந்த வரலாறே காலங்காட்டியாகவும் அமைகின்றது. இரண்டாம் யோவான் காலத்து இருபதரை. மூன்றாம் யோவானிடம் பதினெட்டிலிருந்து பதினாறு. கொன்ஸ்தாந்திநோப்பிளை 1261இல் மீட்ட எட்டாம் மிக்கேலிடம் பதினைந்தளவு. அவன் மகன் இரண்டாம் அன்ட்ரோனிக்கசிடம் பதினான்காகிப் பன்னிரண்டாகி, மூன்றாம் அன்ட்ரோனிக்கசிடம் பதினொன்று. பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு பொற்காசே நின்றுபோயிற்று. தன் பொன்னால் மன்னன் பெருமையை அளக்கச் சொன்ன நாடு அது.

எட்டாம் மிக்கேல் நகரை மீட்டதும் பொற்காசின் உருவத்தையும் மாற்றினான். கோபுரங்கள் பொருந்திய நகரமதிலின் நடுவே கன்னிமரியாள் இரு கைகளையும் ஏந்தி நிற்கின்றாள். மறுபுறத்தில் கிறிஸ்துவின் முன் அரசன் முழந்தாளிட, அவன் பெயரையுடைய மிக்கேல் தேவதூதர் பின்னே நின்று அவனை ஒப்புவிக்கின்றார். முன்னைய அரசர் எவரும் தம்மைக் காசில் முழந்தாளிட்டவராகக் காட்டவில்லை. அவன்பின் இரண்டாம் அன்ட்ரோனிக்கசின் காசுகளில் மதிலில் ஆறு கோபுரத் தொகுதிகள் இருந்து, பின்னர் நான்காயின. ஆகவே இவ்வகைக் காசு கிடைத்தால் முதலிற் கோபுரங்களை எண்ணுக. கிறிஸ்துவின் இருபுறமும் இருவர் முழந்தாளிட்டிருந்தால், வலப்புறத்தவன் மகன் ஒன்பதாம் மிக்கேலா, பேரன் மூன்றாம் அன்ட்ரோனிக்கசா என்பதை அவன் பெயரின் எஞ்சிய எழுத்துக்களே சொல்லல் வேண்டும். அவ்வெழுத்துக்களோ பெரும்பாலும் விளிம்புக்கு அப்பால் விழுந்து போனவை.

வெள்ளியைச் சுருங்கக் கூறுவேன். 1304ஆம் ஆண்டளவில் வெனிஸ் நகரின் வெள்ளிக்காசைப் பார்த்துத் தட்டையான பசிலிக்கன் தோன்றிற்று. ‘ஆண்டவரே, உதவியருள்க’ என்பது அதன் ஒருபுற வாசகம். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எட்டரைக் கிராமளவான ஸ்தவ்ராத்தன் என்னும் பெருங்காசும் அதன் அரைக்கூறும் அரைக்காற்கூறும் வந்தன. இவற்றில் அரசன் முகத்தைக் கொண்டு எதனையும் துணிதல் இயலாது. எல்லா அரசரும் ஒரே பதுமைபோலவே இருப்பர். பெயரின் முதலெழுத்தும், முகத்தருகே உள்ள சிறு குறியும், படிப்படியாகக் குறைந்த எடையுமே துணை.

பேரரசின் இறுதி மன்னன் பதினோராம் கொன்ஸ்தந்தைன் 1449இல் ஆட்சி ஏற்று, 1453 மே 29இல் நகர் வீழ்ந்த அன்று போரில் மடிந்தான். முற்றுகைக் காலத்தில் வீரருக்குக் கூலி கொடுக்கப் பொருளின்றிக் கோயில்களின் வெள்ளிக் கலங்களை உருக்கிக் காசடிக்கச் செய்தான் என்று அங்கிருந்த கியோஸ் தீவினராகிய மித்திலீன் பேராயர் லெயொனார்ட் எழுதியுள்ளார். அக்காசு எங்கே? இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, ஐயத்துக்கிடமின்றி அவனுடையது என்று காட்டத்தக்க காசு ஒன்றும் அறியப்பட்டிலது. பின்னர் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகளைக் கொண்ட புதையல் ஒன்று வெளிப்பட்டது. சைமன் பெண்டல் என்னும் ஆய்வாளர் அதனை 1991இல் ஆராய்ந்து வெளியிட்டார். அவற்றுட் பல, ஒரு கிராமுக்கும் குறைந்த அரைக்காற் காசுகள். அரசன் தலையைச் சுற்றிச் சில எழுத்துக்களே உள்ளவை. அச்செழுத்துக்களுள் யோவானின் முதலெழுத்து நிற்கவேண்டிய இடத்தில் கொன்ஸ்தந்தைனின் முதலெழுத்தாகிய ‘கப்பா’ நின்றது. ஓரெழுத்து வேற்றுமை! கோயில் வெள்ளியைப் பெற்று மதிலில் நின்ற வீரன் ஒருவனின் கைப்பட்ட காசு அவற்றுள் இருத்தல் கூடும் என்று எண்ணும்போது, அந்த எழுத்தைக் கவனித்து வாசித்தவருக்கு நன்றி கூறத் தோன்றுகின்றது.

ஒன்பதாம் நாள் வகுப்புக்குச் சென்று, யான் எழுதியது பிழையென்றும் அவன் கேட்டது சரியென்றும் மாணாக்கர் முன்னிலையிற் கூறினேன். புதிய அட்டையை அம்மாணவனே எழுதினான். “மனுவேல் பெயர் பொறித்த சிறு கிண்ணக் காசு. 1204க்குப் பின், 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. பழைய காசைப் பார்த்து அடித்தது. அடித்த நகர் கொன்ஸ்தாந்திநோப்பிள் எனக் கருதப்படும். கருத்து வேறுபாடு உண்டு.” ஈற்றுத்தொடரை நீக்கினால் அட்டை அழகாயிருக்கும் என்றேன். “உண்டெண்டுதானே நீங்கள் சொன்னனீங்கள், சேர்” என்றான். அது நீக்கப்படவில்லை.

எஞ்சிய இரு காசுகளுக்கும் இன்னும் அட்டை இல்லை. ஒன்று தேய்ந்த தட்டைச் செப்புக் காசு, அதனை விட்டுவிடலாம். மற்றது தாடியற்ற கிறிஸ்துவின் உருவமும், மறுபுறத்தில் நடுவே சிலுவை பிடித்து நிற்கும் இருவரும் உடைய கிண்ணக் காசு: 26 மில்லிமீற்றர், 2.9 கிராம். இஃது 1195 முதல் 1203 வரை ஆண்ட மூன்றாம் அலெக்சியசின் காசாதலும் கூடும். அதனைப் பார்த்துப் பல்கேரியர் அடித்ததாதலும் கூடும். எழுத்துக்கள் ஏறத்தாழ முற்றாக அழிந்தன. ஹென்டி தொகுத்து 1999இல் டம்பார்ட்டன் ஓக்ஸ் நிறுவனம் வெளியிட்ட பட்டியலின் நான்காம் தொகுதி எம் நூலகத்தில் இல்லை. அதனைப் பார்க்கும் வாய்ப்புடைய பழைய மாணாக்கர் எவரேனும், அவ்விரு வகைக் காசுகளின் படங்களையும் எடைகளையும் பிரதிசெய்து கல்லூரி வரலாற்றறைக்கு அனுப்பி உதவுவாராயின், காசை அருகில் வைத்து ஒப்புநோக்கப் பத்தாந்தர மாணாக்கர் காத்திருக்கின்றனர்.